தொலைத்திரை இணைப்பில் நேரும் தடைகள்

நிலப் பதிவேடு, ஓய்வூதியப் பட்டியல், கருவூலச் சீட்டு, பொது விநியோகக் கணக்கு எனப் பொது நிர்வாகத்தின் பெரும்பகுதி இன்று கணிப்பொறிகளில் அடங்கியுள்ளது. அக்கணிப்பொறிகளுள் ஒன்று பழுதுற்றால் அதனைச் சீர்செய்யும் பொறியாளர் அதே ஊரில் இருப்பார் என எதிர்பார்க்க இயலாது. அவர் மாநிலத் தலைநகரில் இருக்கலாம். வேறு மாநிலத்திலும் இருக்கலாம். தம் இருக்கையில் அமர்ந்தபடியே பழுதுற்ற கணிப்பொறியின் திரையைத் தம் திரையில் வரவழைத்து, தம் விசைப்பலகையால் அதனை அவர் இயக்கும் முறையே தொலைத்திரை இணைப்பு எனப்படுகிறது. லட்சத்தீவின் கவரத்திக்குக் கொச்சியிலிருந்து கப்பலேறிச் செல்ல வேண்டிய ஒருவருக்கு இந்த இணைப்பு கிடைத்தால் வேலை அரைமணி நேரத்தில் முடியும். கிடைக்காவிட்டால் பல நாட்கள் ஆகும். அத்தனை நாட்களும் காத்திருப்பவர் பொறியாளர் அல்லர். அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் ஓய்வூதியதாரரே.

இரு முனைகளிலும் ஒரே இயங்குதளம் இருக்குமானால் இந்த இணைப்பு பெரும்பாலும் தொல்லையின்றி அமைந்துவிடும். ஆனால் நம் நாட்டின் நிலை அதுவன்று. அலுவலக மேசைகளில் விண்டோஸ் மிகுதி. சர்வர்களில் லினக்ஸ் மிகுதி. சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் பல அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லினக்ஸே பயிற்றுமொழி போல் ஆகிவிட்டது. திறந்த மூல மென்பொருளுக்கு முதன்மை தரும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் கையிலோ மேக் கணிப்பொறி இருக்கும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டியுள்ளது. இந்தக் கலப்பினைக் குறையாகக் கருதுவோர் உண்டு. அது சரியன்று. ஒரே நிறுவனத்தின் பொருளுக்கு நாடு முழுவதும் கட்டுப்பட்டிருப்பதைவிட இது நன்று. ஆனால் கலப்புக்கு உரிய விலையாகச் சில நுணுக்கங்களை அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

மூன்று மொழிகள்

தொலைத்திரைக்கு ஒரே நெறிமுறை இல்லை, மூன்று உள்ளன. அவை பிறந்த காலமும் இடமும் வேறு. அவற்றின் அடிப்படைக் கருத்தும் வேறு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984ஆம் ஆண்டில் தோன்றியது எக்ஸ் விண்டோ முறை. யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் இது நீண்ட காலம் ஆட்சி செலுத்தியது. பயன்பாடு ஓரிடத்தில் ஓட, அதன் சாளரம் வேறிடத்தில் தோன்றுவது இதன் இயல்பு. அடுத்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் 1990களில் உருவானது வி.என்.சி. என்னும் முறை. திரையில் உள்ள படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்புவதே இதன் வேலை. எந்த இயங்குதளமானாலும் திரை என்பது புள்ளிகளின் தொகுதிதானே என்னும் எளிய எண்ணம் இதன் அடிப்படை. எனவே இது எங்கும் ஓடும். ஆனால் எங்கும் சற்று மெதுவாகவே ஓடும். மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தின் டெர்மினல் சர்வர் பதிப்போடு 1998ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஆர்.டி.பி. என்னும் நெறிமுறை. புள்ளிகளை மட்டுமன்றி, எழுத்து, வரைவு, ஒலி, அச்சுப்பொறி, ஒட்டுப்பலகை ஆகியவற்றையும் தனித்தனிக் கால்வாய்களில் இது எடுத்துச் செல்கிறது.

விண்டோஸ் தன் இயல்பில் ஆர்.டி.பி. பேசுகிறது. மேக் தன் இயல்பில் வி.என்.சி.யின் ஒரு வகையைப் பேசுகிறது. லினக்ஸ் மூன்றையும் பேசக்கூடியது. ஆனால் எதைப் பேசும் என்பது அதனை நிறுவியவர் எந்த மென்பொருளை இட்டார் என்பதைப் பொறுத்தது. ஆர்.டி.பி. பேசும் கணிப்பொறியை வி.என்.சி. மென்பொருளால் அழைத்தால் விடை வராது. இது மிக எளிய செய்தியாகத் தோன்றும். ஆயினும் இணைப்பு கிடைக்கவில்லை எனும் முறையீடுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தொடங்குகின்றன. தொலைவிலுள்ள கணிப்பொறி எந்த நெறிமுறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

விண்டோசிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஹோம் பதிப்பு பிற கணிப்பொறிகளை அழைக்கும். தன்னைப் பிறர் ஆர்.டி.பி. வழியே அழைக்க இடந்தராது. அதற்கு ப்ரோ போன்ற பதிப்பு வேண்டும். குறைந்த விலையை நோக்கி ஹோம் பதிப்புகளை வாங்கிவிட்டு, பின்னர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தொலைவழிச் சேவையை எழுதி வைக்கும் அலுவலகம் இவ்விரண்டும் பொருந்தா என்பதைப் பழுது நேரும் நாளில்தான் அறிகிறது.

மறுப்பும் மௌனமும்

தொலைத்திரை இணைப்பு பல படிகளைக் கடந்து அமைகிறது. பெயர் முகவரியாக மாற வேண்டும். முகவரிக்குப் பாதை இருக்க வேண்டும். உரிய வாயில் திறந்திருக்க வேண்டும். ஆள் அடையாளம் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பின்னரே திரை தோன்றும். எந்தப் படியில் அறுந்தது என்பதை அறியாமல் எல்லா அமைப்புகளையும் ஒருசேர மாற்றுவது பழுதைப் பெருக்கும் வழியாகும்.

பெயரால் அழைத்தபோது கிடைக்காத கணிப்பொறி ஐ.பி. முகவரியால் அழைத்தபோது கிடைக்குமானால் பழுது பெயர்ப்பதிவில் உள்ளது. அதனைக் கண்டறிய ஒரு நிமிடம் போதும். முகவரியாலும் கிடைக்கவில்லை என்றால் பலரும் பிங் கட்டளையை நாடுகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிங்குக்கு விடை வந்தால் பாதை உள்ளது என்று பொருள். விடை வராவிட்டால் பாதை இல்லை என்று பொருளன்று. விண்டோஸ் கணிப்பொறிகள் பல பிங்குக்கு விடையளிக்காதபடி அவற்றின் ஃபயர்வாலால் தடுக்கப்பட்டிருக்கும். பிங் கிடைக்கவில்லை என்ற ஒன்றையே காரணமாகக் காட்டித் தொலைத்தொடர்பு நிறுவனத்திற்குப் புகார் எழுதுவதில் பயனில்லை.

பிங்கைவிடச் சிறந்த சோதனை வாயிலைத் தட்டிப் பார்ப்பதே. வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் வாயில் எண் உண்டு. ஆர்.டி.பி.க்கு 3389. வி.என்.சி.க்கு 5900, லினக்சில் முதலாம் திரை, இரண்டாம் திரை எனக் கூடுதலாகத் திறந்தால் 5901, 5902 என்று எண் வளரும். எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான கட்டளை இணைப்புக்கு 22. விண்டோசில் பவர்ஷெல் சாளரத்தில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்னும் கட்டளையும், லினக்சிலும் மேக்கிலும் என்.சி. என்னும் சிறு கட்டளையும் குறிப்பிட்ட வாயில் திறந்துள்ளதா என்பதைச் சொல்லிவிடும்.

இச்சோதனைக்கு மூவகை விடை உண்டு. திறந்துள்ளது என்பது ஒன்று. மற்ற இரண்டும் தோல்விகளே. ஆயினும் அவற்றிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. இணைப்பு மறுக்கப்பட்டது என்னும் விடை உடனே வருமானால், பெரும்பாலும் அழைப்பு அந்தக் கணிப்பொறியைச் சென்றடைந்துவிட்டது. ஆனால் அந்த வாயிலில் யாரும் அமர்ந்திருக்கவில்லை. அதாவது சேவை தொடங்கப்படவில்லை, அல்லது வேறு எண்ணில் அமர்ந்துள்ளது. பாதையில் குறையில்லை. மாறாக, விடையே இல்லாமல் பல வினாடிகள் கழித்து நேரம் முடிந்தது என்று அறிவிக்கப்படுமானால், அழைப்பை இடையிலுள்ள ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமின்றி விழுங்கிவிட்டது, அல்லது முகவரியே தவறு, அல்லது கணிப்பொறி உறங்கிக்கொண்டிருக்கிறது. மறுப்பு வந்தால் தொலைவிலுள்ள கணிப்பொறியையும், மௌனம் வந்தால் இடைவழியையும் நோக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்த உதவியாளர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் போதும். தேடலின் பாதி குறைந்துவிடும். திரை வரவில்லை என்று மட்டும் எழுதப்படும் புகார்ச் சீட்டு எவருக்கும் உதவுவதில்லை.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மின்சாரச் சிக்கனத்துக்காகக் கணிப்பொறிகள் அரைமணி நேரத்தில் உறங்கும்படி அமைக்கப்படுகின்றன. மதிய உணவுக்குப் பின் மட்டும் இணைப்பு கிடைக்காத விந்தையின் காரணம் பல இடங்களில் இதுவாகவே இருக்கும்.

லினக்சில் மற்றொரு வகை மறுப்பு உண்டு. சேவை ஓடுகிறது, அதே கணிப்பொறியிலிருந்து சோதித்தால் வாயில் திறந்துள்ளது, வெளியிலிருந்து சோதித்தால் மறுப்பு வருகிறது. இத்தகைய நிலையில் சேவை 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டும் அமர்ந்திருக்கக் காணலாம். பல வி.என்.சி. மென்பொருள்கள் வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன. அதனைப் பழுது என்று எண்ணி எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுதல் தவறு. எஸ்.எஸ்.எச். வழியே ஒரு சுரங்கப் பாதை அமைத்து அதனூடே உள்முகவரியை அடைதலே அந்த அமைப்பின் நோக்கம்.

முகவரிப் பஞ்சம்

அலுவலகத்திற்குள் கிடைத்த இணைப்பு வீட்டிலிருந்து கிடைப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்த உண்மை பல ஆயிரம் ஊழியர்களுக்கு ஒரே வாரத்தில் தெரியவந்தது. காரணம் முகவரிப் பஞ்சம். பழைய ஐ.பி. முறையில் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. எனவே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இதற்கெனவே 2012ஆம் ஆண்டில் ஒரு முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. இணைப்புக் கருவியின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குமானால் அந்த வீடு இத்தகைய பங்கீட்டில் உள்ளது என்று அறியலாம். அடுக்கு மாடிக் கட்டடத்துக்கு ஒரே கதவு எண் இருந்து, வீட்டு எண் இல்லாவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? வீட்டார் எழுதும் கடிதம் வெளியே செல்லும். வெளியார் தாமாக எழுதும் கடிதம் வந்து சேராது.

வீட்டுக் கருவியில் வாயில்களை எத்தனை முறை திறந்துவைத்தாலும் இந்த நிலையில் பயனில்லை. இரு முனைகளும் தாமாகவே வெளியே வந்து சந்திக்கும் பொது இடம் ஒன்று வேண்டும். வி.பி.என். எனப்படும் தனிவலை இணைப்பு அத்தகைய இடத்தைத் தருகிறது. இணைப்புக்கு இடைநிலைச் சர்வரைப் பயன்படுத்தும் வணிக மென்பொருள்களும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன.

வி.பி.என். வந்தவுடன் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டுவதுண்டு. வாயில் திறந்துள்ளது, கடவுச்சொல்லும் ஏற்கப்படுகிறது, திரை தோன்றும் தறுவாயில் எல்லாம் உறைந்துபோகிறது. இது பொதியின் அளவால் வரும் கோளாறாக இருக்கக்கூடும். ஈதர்நெட் வழியில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். பல அகலப்பட்டை இணைப்புகள் பயன்படுத்தும் பி.பி.பி.ஓ.இ. முறை அதில் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 மட்டுமே எஞ்சும். வி.பி.என். உறை மேலும் சிறிது எடுத்துக்கொள்ளும். சிறிய பொதிகள் கடந்துவிடுகின்றன. திரைப்படத்தைச் சுமந்த பெரிய பொதிகள் இடையில் வீழ்கின்றன. வி.பி.என். அமைப்பில் பொதியின் உச்ச அளவை 1400 போன்ற எண்ணுக்குக் குறைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

ஆள் அடையாளம்

வாயில் திறந்தபின் வரும் தடைகள் பெரும்பாலும் அடையாளம் பற்றியவை. விண்டோஸ் விஸ்டா காலம் முதல் ஆர்.டி.பி.யில் வலையமைப்பு நிலைச் சரிபார்ப்பு என்னும் முறை உள்ளது. திரையைக் காட்டுவதற்கு முன்னரே பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்துவிடுவது இம்முறை. பழைய லினக்ஸ் மென்பொருள்கள் சில இதனை அறியா. அவை வாயிலுக்குச் சென்று, உரிய முறையில் பேச இயலாமல் திரும்பிவிடும். ஃப்ரீ ஆர்.டி.பி. என்னும் மென்பொருளின் புதிய பதிப்பும் அதன்மேல் இயங்கும் ரெமினாவும் இம்முறையை அறியும்.

2018ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இங்கே குறிப்பிடத்தக்கது. இந்தச் சரிபார்ப்புக்கு அடிப்படையான கிரெட்-எஸ்.எஸ்.பி. என்னும் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. மே மாதத்தில் வந்த அடுத்த திருத்தம், ஓட்டை அடைபடாத சர்வரோடு பேச மறுக்கும்படி கணிப்பொறிகளை மாற்றியது. விளைவு, முந்தைய நாள் வரை கிடைத்த இணைப்பு மறுநாள் காலை உலகெங்கும் பல அலுவலகங்களில் கிடைக்கவில்லை. சர்வர் திருத்தப்படாமல் கிடந்ததே காரணம். ஆனால் பலர் செய்தது என்ன? சர்வரைத் திருத்துவதற்குப் பதில், தம் கணிப்பொறியின் மறுப்பை நீக்கும் அமைப்பினைத் தேடிப்பிடித்து மாற்றினர். இணைப்பு கிடைத்தது. ஓட்டையும் இருந்தது. சர்வரைத் திருத்தும் வரையிலான ஓரிரு மணி நேரத்துக்கு அவ்வாறு செய்தது மன்னிக்கத்தக்கது. அப்படியே விட்டுவிட்டது மன்னிக்கத்தக்கதன்று.

சிறிய காரணங்களும் உண்டு. கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் தொலைவிலிருந்து ஏற்காது. மேசையின் முன் அமர்ந்து நுழைவதற்கு உதவும் நான்கு இலக்க எண் தொலைவிலிருந்து நுழைய உதவாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். பல ஆண்டுகளாக எண்ணையே பயன்படுத்தி வந்தவர் கடவுச்சொல்லை மறந்திருப்பது இயல்பு. வி.என்.சி.யின் பழைய சரிபார்ப்பு முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே நோக்கும். இருபது எழுத்துகளில் அமைத்த கடவுச்சொல் வலிமையானது என்று எண்ணுவோர் ஏமாறுகின்றனர். மேக் கணிப்பொறியைப் பிற இயங்குதளங்களிலிருந்து அழைக்க அதன் திரைப்பகிர்வு அமைப்பில் வி.என்.சி. கடவுச்சொல் ஒன்றைத் தனியே ஏற்படுத்த வேண்டியிருக்கும். வெளி நிறுவனத்தின் தொலைத்திரை மென்பொருளாயின், 2019ஆம் ஆண்டின் கேடலினா பதிப்பு முதல், திரையைப் பதிவு செய்யும் அனுமதியையும் அதற்கு வழங்க வேண்டும். வழங்காவிட்டால் வெற்றுப் பின்னணி மட்டும் தெரியும், சாளரங்கள் தெரியா.

கடிகாரத்தையும் மறக்கலாகாது. பெரிய அலுவலகங்களில் பயன்படும் கெர்பரோஸ் முறை இரு கணிப்பொறிகளின் நேரத்தில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அடையாளத்தை ஏற்காது. இது அதன் வழக்கமான அமைப்பு. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணிப்பொறி ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும். சில பத்து ரூபாய் மின்கலத்தால் நிற்கும் வேலை இது. கணிப்பொறிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு இசைவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆயினும் அவ்வாணையைப் பின்பற்றிய அலுவலகங்களில் இந்தத் தொல்லையும் நீங்கும்.

கறுப்புத் திரை

நுழைந்தாயிற்று; ஆனால் திரை கறுப்பாக உள்ளது. லினக்ஸ் கணிப்பொறியை விண்டோசிலிருந்து அழைப்போர் அடிக்கடி காணும் காட்சி இது. எக்ஸ்.ஆர்.டி.பி. என்னும் மென்பொருள் ஏற்கெனவே உள்ள திரையைக் காட்டுவதில்லை. வழக்கமான அமைப்பில் அது புதிய அமர்வு ஒன்றைத் தொடங்குகிறது. அதே பயனர் அலுவலகத்தில் உள்ள திரையிலும் நுழைந்திருந்தால், ஒரே பயனருக்கு இரு அமர்வுகளை நடத்தப் பல மேசைச் சூழல்கள் மறுக்கின்றன. அலுவலகத் திரையிலிருந்து வெளியேறிவிட்டு மீண்டும் அழைத்தால் பெரும்பாலும் திரை தோன்றிவிடும். திரையைப் பூட்டினால் போதாது, வெளியேற வேண்டும். விண்டோசின் வழக்கம் இதற்கு மாறானது. மேசைக் கணிப்பொறிக்கான விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடந்தரும். தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால் அருகிலிருப்பவரின் திரை பூட்டப்படும். வேலையின் நடுவே திரை பூட்டப்பட்ட எழுத்தர் மீண்டும் நுழைய, பொறியாளரின் இணைப்பு அறுபடும்; அவர் மீண்டும் நுழைய, எழுத்தர் வெளியேற்றப்படுவார். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே ஒரு முற்பகல் முழுதும் கழிந்துவிடக்கூடும். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழைவதே இதற்கு மருந்து.

கறுப்புத் திரைக்கு மற்றொரு காரணம் வேலண்ட் என்னும் புதிய திரைமுறை. எக்ஸ் முறையில் எந்த மென்பொருளும் முழுத்திரையையும் படமெடுக்க இயலும். வேலண்டில் பாதுகாப்பு கருதி இது தடுக்கப்பட்டது. எக்ஸ் முறைக்கென எழுதப்பட்ட பழைய வி.என்.சி. மென்பொருள்கள் ஆகவே வேலண்டில் குருடாகிவிடுகின்றன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த குனோம் 42 பதிப்பு திரைப்பகிர்வுக்கு ஆர்.டி.பி.யைத் தன் இயல்பிலேயே கொண்டுவந்தது. யாரும் நுழையாத கணிப்பொறியில் தொலைவிலிருந்து நுழையும் வசதி 2024ஆம் ஆண்டின் குனோம் 46 பதிப்பில் வந்தது. பழைய அலுவலகக் குறிப்பேட்டில் எழுதியுள்ள வி.என்.சி. வழிமுறையைப் புதிய லினக்ஸ் பதிப்பில் அப்படியே பின்பற்றினால் கறுப்புத் திரையே கிடைக்கும்.

விசைப்பலகையும் இந்திய மொழிகளும்

அயல்நாட்டுக் கையேடுகள் விரிவாகப் பேசாத, ஆனால் நம் அலுவலகங்களுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. இந்தியில், வங்காளத்தில், தமிழில் தட்டச்சு செய்யப்படும் எழுத்து தொலைத்திரையில் ஏன் சிதைகிறது?

ஒரு விசையை அழுத்தும்போது இருவேறு செய்திகளை அனுப்பலாம். எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்று சொல்வது ஒன்று. எந்த எழுத்து உருவானது என்று சொல்வது மற்றொன்று. ஆர்.டி.பி. பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. விசையின் இட எண்ணையே அது அனுப்புகிறது. அதனை எழுத்தாக்குவது தொலைவிலுள்ள கணிப்பொறி. வி.என்.சி. இரண்டாம் வகை, எழுத்தை உள்ளூர்க் கணிப்பொறியே உருவாக்கி அனுப்புகிறது.

இதன் விளைவைப் பார்க்கலாம். மின்னணுவியல் துறை 1986ஆம் ஆண்டில் தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரே அமைப்பைத் தருகிறது. விண்டோசிலும் லினக்சிலும் மேக்கிலும் அது உண்டு. ஆர்.டி.பி. வழியே செல்பவர் தம் கணிப்பொறியை ஆங்கில விசைப்பலகையில் விட்டுவிட்டு, தொலைவிலுள்ள கணிப்பொறியில் மட்டும் இன்ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து ஒழுங்காக வரும். வி.என்.சி. வழியே சென்று உள்ளூரில் இந்திய மொழியைத் தேர்ந்தெடுத்தாலோ, தொலைவிலுள்ள கணிப்பொறி அந்த எழுத்துக்குரிய விசையைத் தன் ஆங்கில அமைப்பில் தேடும். காணாமல் அதனை விட்டுவிடும். ஆகவே சில எழுத்துகள் மட்டும் விழுகின்றன; அல்லது எதுவுமே விழுவதில்லை. உள்ளூரில் ஆங்கிலம், தொலைவில் இந்திய மொழி என்பது இரு நெறிமுறைகளிலும் நம்பத்தக்க வழி. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்யும் மென்பொருளையும் ஒரு முனையில் மட்டுமே, அதுவும் தொலை முனையில் மட்டுமே இயக்க வேண்டும். பயனாளியின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் வங்கிக் கணக்கோடு பெயர் பொருந்தாமல் உதவித்தொகை திரும்பிவிடுகிறது என்பதை நினைத்தால் இது சிறு செய்தியன்று.

மேக்கின் கமாண்ட் விசை பெரும்பாலும் விண்டோஸ் விசையாகப் போய்ச் சேரும் என்பதையும், கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் தொலைவுக்குச் செல்லாமல் உள்ளூரிலேயே பிடிபட்டுவிடுவதால் ஆர்.டி.பி.யில் கண்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் பயன்படுகிறது என்பதையும் குறித்துக்கொண்டால் போதும். ஒட்டுப்பலகை வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் இணைப்பை முறித்து மீண்டும் தொடங்குவதே விரைவான வழி.

தூரமும் தாமதமும்

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் எனக் கொண்டால் ஒரு முழுத்திரை 62 லட்சம் பைட் ஆகும். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால்தான் தொலைத்திரை சாத்தியமாகிறது. பின்னணிப் படத்தை நீக்குதல், நிற ஆழத்தைக் குறைத்தல், சாளர அசைவுகளை நிறுத்துதல் ஆகியவை மெதுவான இணைப்பில் உடனே பயன்தரும்.

ஆனால் அகலத்தைவிடத் தாமதமே மிகுந்த தொல்லை தருவது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அழுத்திய விசை மேலே சென்று கீழே வந்து, அதன் விளைவு மீண்டும் மேலே சென்று கீழே வர 1,44,000 கிலோமீட்டர் பயணம். ஒளியின் வேகத்திலும் அதற்கு அரை வினாடி ஆகும். எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருளாலும் இதனைக் குறைக்க இயலாது. சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில் இடப்பட்ட கடலடிக் கம்பிவடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், இந்தத் தூரத்தைச் சென்று திரும்ப 23 மில்லிவினாடி போதும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கான கம்பிவடம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. செயற்கைக்கோளையே இன்னும் நம்பியுள்ள மலைப்பகுதி அலுவலகங்களில், திரையை வரவழைப்பதைவிட எஸ்.எஸ்.எச். வழியே கட்டளைகளை எழுத்தாக அனுப்புவதே அறிவுடைமை. லினக்ஸ் சர்வரின் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குத் திரை தேவையே இல்லை.

திறந்து விட்ட கதவு

இணைப்பு கிடைக்காத எரிச்சலில் ஃபயர்வாலை முழுவதும் நிறுத்திப் பார்ப்பது பரவலான பழக்கம். இணைப்பு கிடைத்துவிடுகிறது, வேலை முடிகிறது, ஃபயர்வால் நிறுத்தப்பட்டபடியே கிடக்கிறது. 3389ஆம் வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் கணிப்பொறியைத் தேடி, கடவுச்சொற்களை இடைவிடாது ஊகித்துப் பார்க்கும் இயந்திரங்கள் உலகெங்கும் இயங்குகின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு இதுவே விருப்பமான நுழைவாயில்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டு மே மாதம் புளூகீப் என்னும் ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவு எப்போதோ நின்றுவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அபாயத்தின் அளவு விளங்கும். வாயில் எண்ணை மாற்றி வைத்தால் தப்பலாம் என்பது மயக்கம். தேடும் இயந்திரத்துக்கு எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

மனிதரை ஏமாற்றும் வழியும் உண்டு. தொலைத்திரைச் செயலியைக் கைபேசியில் நிறுவச் சொல்லி, அதன் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று வங்கிக் கணக்கைச் சூறையாடும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. பழுது நீக்க வருவதாகத் தாமாகவே தொலைபேசியில் அழைக்கும் எவருக்கும் அலுவலகத் திரையைத் தரலாகாது. பராமரிப்பு நிறுவனத்தின் எண் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அழைப்பு அலுவலகத்திலிருந்து செல்ல வேண்டும்.

ஃபயர்வாலில் திறக்க வேண்டியது ஒரே ஒரு வாயில், அதுவும் வி.பி.என். முகவரிகளுக்கு மட்டும். யார், எந்த முகவரியிலிருந்து, எப்போது நுழைந்தார் என்னும் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், அத்துமீறல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டின் செர்ட்-இன் ஆணை கூறுகிறது. பதிவேடு பழுது நீக்குவோருக்கும் உதவும். விண்டோசில் நிகழ்வுப் பதிவேட்டிலும், லினக்சில் ஜர்னல் பதிவிலும், கடந்த முறை இணைப்பு எப்போது கிடைத்தது, அதன்பின் எந்தத் திருத்தம் நிறுவப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், நேற்று வரை கிடைத்தது இன்று ஏன் கிடைக்கவில்லை என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த இரு தேதிகளுக்கு இடையிலேயே இருக்கும்.